எங்கள் அக்காவின் ஈட்டியும் 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கும்

ஆளுக்கொரு கதாபாத்திரமாக, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் 2024 பதிப்பு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மந்திரம், வகுப்புகள் (வீரன், திருடன் மாதிரி கதாபாத்திர வகைகள்), படங்கள் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுதப்போவது ஒரே விஷயம்: கையில் பிடித்துச் சண்டை போடும் ஆயுதத்தைத் தூக்கி எறிந்தால் இந்தப் புத்தகம் என்ன சொல்கிறது, அதற்காக இதை வாங்கலாமா. எங்கள் கூட்டத்தில் இரண்டு வருடமாக அதிகம் வாக்குவாதம் நடந்தது இதில்தான்.

நாங்கள் ஐந்து பேர். தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மத்தியானம் சோறு உண்டு முடித்ததும் பாய் விரித்து உட்கார்ந்தால் எழுந்திருக்க இருட்டிவிடும். நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன். பெரியம்மா மகள் அக்கா ஃபைட்டராக, அதாவது வீரன் வகுப்பில், ஆடுகிறார். இடது கையில் கேடயம், வலது கையில் ஈட்டி, முதுகில் இன்னும் ஏழு ஈட்டி. அக்கா பள்ளிக்கூடக் காலத்தில் நிஜமாகவே ஈட்டி எறிந்தவர், மாவட்டப் போட்டி வரை போனவர். ஆகவே கதாபாத்திரம் உருவாக்கும்போது "எனக்கு வாள் வேண்டாம்லே, ஈட்டிதான்" என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். பிரச்சினை அங்கேயே ஆரம்பித்தது.

இதற்கு முந்தைய 2014 புத்தகத்தில் ஆடியவர்களுக்குத் தெரியும். உங்கள் முறை வரும்போது ஒரே ஒரு பொருளை மட்டும் இலவசமாகத் தொடலாம்: ஒரு கதவைத் திறக்கலாம், அல்லது ஒரு ஆயுதத்தை உருவலாம். முதல் நான்கு லெவல் வரை இது உறுத்தாது, ஏனென்றால் ஒரு முறைக்கு ஒரு அடி, அதாவது ஒரு தாக்குதல்தான். ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு இரண்டு அடி கிடைக்கும், எல்லோரும் கொண்டாடும் லெவல் அது. அக்கா முதல் ரவுண்டில் கையிலிருந்த ஈட்டியை எறிந்தார், இன்னொன்றை உருவி எறிந்தார், இரண்டு அடியும் ஆயிற்று. அடுத்த ரவுண்டில் கை காலி. ஒன்றை உருவினார், எறிந்தார், அவ்வளவுதான். இரண்டாவது அடிக்கு உரிமை இருக்கிறது, உருவ வழியில்லை. பக்கத்தில் வில்வைத்திருந்த தம்பி ரவுண்டுக்கு இரண்டு அம்பு தவறாமல் விட்டுக்கொண்டிருந்தான், ஏனென்றால் அம்பை எடுப்பது எய்வதற்குள்ளேயே அடக்கம் என்று விதியே சொல்கிறது. அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் வாள் வாங்கிக்கொள்கிறேன் என்றார். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

2020-ல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தில் இதற்கு ஒரு மருந்து இருந்தது. த்ரோன் வெப்பன் ஃபைட்டிங் என்ற சண்டைப் பாணி, அதாவது வீரன் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் தனித்திறன். எறியும் ஆயுதத்தை எறியும்போதே உருவிக்கொள்ளலாம், பட்டால் சேதத்தில் 2 கூடும். நல்ல மருந்துதான். ஆனால் அந்தப் பாணியை எடுத்தால் மற்ற பாணியை விட வேண்டும். ஈட்டியை முதுகிலிருந்து எடுக்கும் சாதாரண வேலைக்கு ஒரு வீரன் தன் பாணியையே விலையாகக் கொடுக்க வேண்டுமா?

சரி, 2024 புத்தகத்துக்கு வருகிறேன். அந்த வருடம் செப்டம்பரில் வெளிவந்தது, 384 பக்கம், வெளிவந்தபோது அமெரிக்க விலை 49.99 டாலர். என் பிரதி நல்ல மழைக்காலத்தில் வந்தது. கொண்டுவந்து தந்த கூரியரில் அட்டையின் ஒரு மூலை ஊறி மடங்கியிருந்தது, உள்ளே தாள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயுதங்கள் பக்கத்தைத் திறந்து த்ரோன் என்ற குணத்தின் விளக்கத்தைப் படித்ததும் அக்காவுக்குத்தான் போன் போட்டேன். த்ரோன் குணமுள்ள ஆயுதத்தை எறியலாம், எறிகிற அந்த அடியின் பகுதியாகவே அதை உருவிக்கொள்ளலாம். இவ்வளவுதான் மாற்றம், ஒரு வாக்கியத்தில் பாதி. ஐந்தாம் லெவலில் இரண்டு, பதினொன்றாம் லெவலில் மூன்று என்று முதுகில் ஈட்டி இருக்கும் வரை எறியலாம், எந்தப் பாணியையும் விலையாகக் கொடுக்க வேண்டாம். அந்தப் பழைய பாணி இந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் இப்போது அது சேதத்தில் 2 கூட்டுவதற்கு மட்டும்.

இதோடு இன்னொரு விதியும் சேர்ந்து வருகிறது, பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். அட்டாக் ஆக்‌ஷன் (உங்கள் முறையில் தாக்குவது) எடுக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னாலோ பின்னாலோ ஒரு ஆயுதத்தை உருவவோ உறையில் போடவோ செய்யலாம். ஆக எதிரி தூரத்திலிருந்து ஓடி வரும்போது ஒரு ஈட்டியை எறிந்துவிட்டு, முன்னே நகர்ந்து, வாளை உருவி இரண்டாவது அடியை அடிக்கலாம், எல்லாம் ஒரே முறையில். சண்டைக் காட்சி என்று மனசில் நாம் கற்பனை செய்வது இப்படித்தானே இருக்கும்.

வெறிகொண்டு சண்டை போடும் பார்பேரியன் வகுப்பை ஆடுபவர்களுக்கும் நல்ல செய்தி. 2014-ல் ரேஜ் என்ற கோபம் தரும் கூடுதல் சேதம் ஸ்ட்ரெங்த்தை (உடல் பலத்துக்கான எண்) வைத்து அடிக்கும் கைச்சண்டை அடிக்கு மட்டும்தான். கோடாலியை எறிந்தால் கோபம் கையோடு நின்றுவிடும். இப்போது ஸ்ட்ரெங்த்தை வைத்து அடிக்கும் எந்த அடிக்கும் உண்டு, எறிந்தாலும் உண்டு. ரெக்லெஸ் அட்டாக் என்ற துணிச்சல் அடியும் அப்படியே.

இனி, புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் ரேஞ்ச்டு வெப்பன் (தூர ஆயுதம்) வேறு, ரேஞ்ச்டு அட்டாக் (தூர அடி) வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பாதிப் பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம். நான் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னபோது ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார்கள், ஏனென்றால் நம்மிடம் எய்வது வேறு, எறிவது வேறு. அம்பை எய்கிறோம், ஈட்டியை எறிகிறோம். எய்யும் ஆயுதம்தான் ரேஞ்ச்டு வெப்பன்: வில், குறுக்குவில், கவண். ஈட்டி, வேல், கைக்கோடாலி, குத்துவாள், சின்னச் சுத்தியல், சூலம் இவை எல்லாம் கைப்பிடி ஆயுதம்தான். எறிந்தால் தூர அடியாகக் கணக்காகும், ஆயுதத்தின் சாதி மாறாது. ஆகவே வில்லாளிகளுக்கான ஆர்ச்சரி பாணி குறியில் தரும் +2 எறியும் கோடாலிக்குக் கிடையாது. கைப்பிடி ஆயுதம் என்பதால் எறியும்போதும் கையால் குத்தும்போது சேர்க்கும் அதே எண்தான்: ஈட்டிக்கும் கோடாலிக்கும் ஸ்ட்ரெங்த். குத்துவாளுக்கு மட்டும் ஃபினெஸ் என்ற லாவகக் குணம் இருப்பதால் ஸ்ட்ரெங்த்தோ டெக்ஸ்டெரிட்டியோ (சுறுசுறுப்புக்கான எண்) எது நல்லதோ அது. திருடன் வகுப்பான ரோக் எறிந்தால் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதமும் ஒட்டும். இந்த வரிசையில் சேராத ஒன்று டார்ட், கையால் எறியும் சின்ன அம்பு. கையால்தான் எறிகிறோம், ஆனால் புத்தகம் அதை எய்யும் ஆயுதங்களோடு வைத்திருக்கிறது, ஆகவே ஆர்ச்சரியின் +2 அதற்கு உண்டு. இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈட்டிக்கு 30 அடி, நீண்ட தூரம் 120 அடி. மற்ற கைப்பிடி எறியாயுதங்கள் எல்லாம் 20, 60. அடி படுமா என்று பார்க்க உருட்டுவது டி20, இருபது முகப் பகடை. முதல் எண்ணைத் தாண்டினால் இரண்டு டி20 உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும், இரண்டாவதைத் தாண்டினால் எறியவே முடியாது. எதிரி ஐந்தடிக்குள் நின்றால் அப்போதும் சின்னதுதான். அக்காவிடம் இந்த 120 அடியைக் காட்டினேன். 36 மீட்டர் சொச்சம் வரும். நீரஜ் சோப்ரா டோக்கியோவில் தங்கம் வாங்கியபோது எறிந்தது 87.58 மீட்டர், ஆனால் அது ஓடிவந்து, குறி என்று ஒன்றும் இல்லாமல், மைதானத்தில். அக்கா சொன்னது: "கேடயத்தையும் பிடிச்சுக்கிட்டு, நின்ன இடத்துல, ஓடுறவன் மேல படணும்னா முப்பதடி நியாயம்தான்." ஈட்டி எறிந்த கை சொல்வதால் நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

மாஸ்டரி என்று புதிதாக ஒன்று இருக்கிறது, ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும் கூடுதல் விளைவு. ஃபைட்டர், பார்பேரியன், ரேஞ்சர், பாலடின், ரோக் ஐந்து வகுப்புக்கும் கிடைக்கும். ஈட்டி பட்டால் எதிரியின் வேகம் 10 அடி குறையும். கைக்கோடாலி பட்டால் அதே ஆளை அடுத்து அடிக்கும்போது இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுக்கலாம். ரவுண்டுக்கு இரண்டு கோடாலி எறிகிறவருக்கு முதல் கோடாலி இரண்டாவதற்கு வழி திறந்துவிடும், எனக்கு மிகவும் பிடித்த இணைப்பு இது. சூலத்தின் சேதம் முன்பு டி6, அதாவது ஆறு முகப் பகடைதான், ஐந்து பங்கு விலை கொடுத்து வேல் ஒன்றையே வாங்கியதுபோல் இருந்தது. இப்போது டி8, பட்டவன் கான்ஸ்டிடியூஷன் சேவில் (உடல் உறுதியை வைத்துத் தப்பிக்க உருட்டும் பகடையில்) தோற்றால் கீழே விழுவான். ஆனால் தூரத்திலிருந்து சூலம் எறிந்து ஆளை விழவைத்தால், விழுந்து கிடப்பவன் மேல் தள்ளி நின்று எய்வதும் எறிவதும் கஷ்டமாகிவிடும், சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும். பின்னால் வில்லோடு நிற்கும் தம்பிதான் முதலில் சத்தம் போடுவான். பக்கத்தில் நிற்கும் வாள்காரர் உங்களுக்குப் பிறகு வருகிறார் என்றால் மட்டும் எறியுங்கள்.

வலை. குளச்சல்காரன் ஒருவன் எங்களோடு ஆடுகிறான், அப்பா வள்ளத்தில் போகிறவர், இவன் லீவு நாளில் வீச்சுவலை வீசுவான். நான் நேரில் பார்த்திருக்கிறேன்: வலையின் ஒரு பகுதியை இடது முழங்கையில் தொங்கவிட்டு, விளிம்பில் ஓரிடத்தைப் பல்லில் கடித்து, இடுப்பைத் திருப்பி வீசினால் ஈயக்குண்டு எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்து வட்டமாகத் தண்ணீரில் விழும், அந்தச் சத்தமே தனி. அவன் 2014 புத்தகத்தில் வலை வைத்த வீரனை ஆடினான். அதில் வலையின் தூரம் 5 அடி, 15 அடி. ஐந்தடிக்குள் எறிந்தால் எதிரி பக்கத்தில் நிற்பதால் சின்ன எண். ஐந்தைத் தாண்டினால் நீண்ட தூரம் என்பதால் சின்ன எண். எங்கே நின்று வீசினாலும் ஏறக்குறைய எப்போதும் இரண்டு டி20-ல் சின்னது! அவன் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "மக்கா, இத எழுதுனவன் வலையக் கண்ணால பார்த்திருக்கானா?" என்று கேட்டான், என்னிடம் பதில் இல்லை. 2024-ல் வலையை ஆயுதப் பட்டியலிலிருந்தே எடுத்துப் பொருட்கள் பட்டியலில் வைத்துவிட்டார்கள். ஒரு தாக்குதலுக்குப் பதிலாக 15 அடி தூரத்துக்குள் இருக்கும் ஆள்மேல் வீசலாம், அவன் டெக்ஸ்டெரிட்டி சேவ் செய்ய வேண்டும், தோற்றால் சிக்கினான். எதிராளி தப்பிக்கப் பார்க்க வேண்டுமே தவிர வீசுகிறவன் குறிபார்த்துக் குத்த வேண்டியதில்லை. வீச்சுவலை வேலை செய்வதும் இப்படித்தான். ராட்சத உடம்புக்காரர்கள் மேல் செல்லாது, அதுவும் சரி.

இனி எனக்குப் பிடிக்காதது. எறிவதற்கென்று செய்யாத ஆயுதத்தை எறிந்தால்? நீளவாள், பெருங்கோடாலி, தடி? சண்டையில் கடைசி நேரத்தில் ஓடுகிறவனைப் பார்த்து யாராவது வாளைத் தூக்கி எறியத்தான் செய்வார்கள், எல்லாக் கூட்டத்திலும் ஒருமுறையாவது நடக்கும். புத்தகம் அதை இம்ப்ரொவைஸ்டு ஆயுதம், அதாவது கையில் கிடைத்ததை எறிவது, என்று எடுத்துக்கொள்கிறது. தூரம் 20, 60. சேதம் டி4. புரொஃபிஷியன்சி, அதாவது பயிற்சிக்காகக் குறியில் சேரும் எண், கிடையாது. ஸ்ட்ரெங்த்தா டெக்ஸ்டெரிட்டியா, எந்த எண்ணைச் சேர்ப்பது என்பதை அந்த இடத்தில் சொல்லவில்லை. ஆயுதத்தால் தூர அடி என்றால் டெக்ஸ்டெரிட்டி என்று வேறொரு இடத்தில் இருக்கும் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அக்காவின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்தாம் லெவல், ஸ்ட்ரெங்த் 18 (அதனால் +4), டெக்ஸ்டெரிட்டி 12 (அதனால் +1), புரொஃபிஷியன்சி +3. கைக்கோடாலி எறிந்தால் +7, சேதம் டி6-உம் 4-உம். வாளை எறிந்தால் +1, சேதம் டி4-உம் 1-உம். ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15 உள்ள எதிரிமேல் கோடாலி நூற்றுக்கு 65 தரம் படும், வாள் 35 தரம்.

இதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சோதித்துப் பார்த்தேன். எங்கள் தோப்பில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, குலை வெட்டிப் போட்டிருந்த வாழைத்தடியை நட்டுவைத்து, இருபதடி தள்ளி நின்று அப்பாவின் வெட்டுகத்தியை எறிந்தேன். அப்பா அதே கத்தியால் நாற்பது வருடமாகத் தேங்காய் வெட்டுகிறார், அவரையும் எறியச் சொன்னேன். பத்துத் தடவையில் கத்தி வாழையில் பட்டது நாலு. அதில் அலகு பதிந்தது ஒன்றே ஒன்று, மற்ற மூன்றும் கைப்பிடியோ முதுகோ மோதிக் கீழே விழுந்தது. வெட்டுவதில் எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும் எறியும்போது அது கூட வருவதில்லை. ஆக புரொஃபிஷியன்சி கிடையாது என்பது சரி. ஆனால் அலகு பதிந்த அந்த ஒரு தடவை வாழைத்தடியில் நாலு விரல் ஆழம் இறங்கியிருந்தது. அதற்கு டி4 என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெருங்கோடாலியை எறிந்தாலும் டி4, சட்டியை எறிந்தாலும் டி4 என்றால் எப்படி?

இந்த இடத்தில் 2003-ல் வந்த 3.5 பதிப்பு நிதானமாக யோசித்திருந்தது. எறியச் செய்யாத ஆயுதத்தை எறிந்தால் குறியில் -4. பத்துப் பத்தடியாகத் தூரம், ஒவ்வொரு பத்தடி தாண்டும்போதும் இன்னொரு -2. இரண்டு கை ஆயுதம் என்றால் முழு ரவுண்டும் அதற்கே போய்விடும். படுவது கஷ்டம், பட்டால் ஆயுதத்தின் சொந்தச் சேதம். வெட்டுகத்தி எனக்குக் காட்டியதும் அதையேதான். எங்கள் வீட்டில் இப்போது நடைமுறை இப்படி: ஒரு கை ஆயுதம் என்றால் ஸ்ட்ரெங்த் சேர்க்கலாம், புரொஃபிஷியன்சி கிடையாது, தூரம் 10, 30, சேதம் ஆயுதத்தின் சொந்தப் பகடை. இரண்டு கை ஆயுதம் என்றால் அந்த முறையில் வேறு அடி கிடையாது. இதுவரை மூன்று பேர் எறிந்திருக்கிறார்கள், ஒன்று பட்டது, அந்த ஒன்றை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு குறை, மந்திர ஆயுதம். ஆசையாகக் கிடைத்த, குறியிலும் சேதத்திலும் ஒன்று கூட்டும் +1 வேல் ஒன்றை எறிந்தால் அது எதிரியின் காலடியில் கிடக்கும், அவன் எடுத்துக்கொள்ளலாம். ட்வார்வன் த்ரோயர் மாதிரி கைக்குத் திரும்பும் ஆயுதம் உண்டு, ஆனால் அது மிக அரிதான பொருள், அதுவும் பெரும்பாலும் குள்ளர் இனத்துக்கே. வில்காரனுக்கு +1 வில் கையிலேயே இருக்கிறது. எறிகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் இழப்பு. இதற்கு ஒரு பொதுவான வழியைப் புத்தகம் தந்திருக்க வேண்டும். டிஎம்மாக இருப்பவர்கள் நீங்களே திரும்பி வரும் ஈட்டி ஒன்றைச் சீக்கிரமாகப் புதையலில் வையுங்கள், பலம் ஒன்றும் ஏறிவிடாது.

வாங்கலாமா என்று கேட்டால்: உங்கள் கூட்டத்தில் எறிகிறவர் ஒருவராவது இருந்தால், அல்லது 2014-ல் ஆசைப்பட்டு விட்டுக்கொடுத்தவர் இருந்தால், வாங்குங்கள், 5-க்கு 4 தருகிறேன், அந்த ஒன்று வாளை எறியும் விதிக்காகக் குறைத்தது. பணம் இடிக்கிறது என்றால் 2025 ஏப்ரலில் எஸ்ஆர்டி 5.2 என்று அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டிருக்கிறார்கள். முழுப் புத்தகத்தில் உள்ள எல்லாம் அதில் இல்லை, ஆனால் நான் மேலே சொன்ன உருவும் விதி, ஆயுதப் பட்டியல், மாஸ்டரி எல்லாம் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் அதிலேயே ஆரம்பிக்கலாம், போனில் படிக்கலாம்.

ஆடும்போது ஒன்று செய்யுங்கள். எறிந்த ஆயுதம் எங்கே விழுந்தது என்பதைக் கட்டத்தில் வையுங்கள், தாளில் எண்ணிக்கையாக எழுதாதீர்கள். நாங்கள் புளியங்கொட்டை வைக்கிறோம். அக்கா எட்டுக் கொட்டையோடு சண்டையை ஆரம்பிப்பார், ஒவ்வொன்றாக எதிரிகளின் காலடியில் போய்ச் சேரும், சண்டை முடிந்ததும் யார் எதை எடுக்கப் போகிறார்கள் என்று பாய் முழுக்கக் கை நீளும். போன ஞாயிறு பாலத்தின்மேல் நடந்த சண்டையில் குறி தவறி ஒன்று ஆற்றில் போயிற்று. அக்கா அந்தக் கொட்டையை எடுத்து ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் எறிந்துவிட்டார். இப்போது ஏழுதான் இருக்கிறது.